ஒன்றும் நடக்காத வியாழக்கிழமை

காலமை ஏழு பத்துக்குப்
பலகைப் பெட்டியைத் திறந்து
றிப் சுவிச்சின் சின்னப் பொத்தானை அமத்துவேன்.
டக்.
சைட் முழுக்க ஒரு கணம் செத்துப்போகும்:
ஓடு வெட்டும் மெஷின், தண்ணி மோட்டர்,
காவல்காரரின் றேடியோவில் பாதிச் செய்தி.
பிறகு சுவிச்சைத் தூக்கிவிட்டுக்
கொப்பியில் எழுதுவேன்: சரி.
சம்பளப் பட்டியலில் நான் ஸ்டோர்கீப்பர்.
சைட்டில் என் பேர் றிப்பக்கா.

உப்புவெளியில்
கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது
ஒரு தகர வேலியும் நாலு தாழையும்.
அந்தக் காற்றில்
புதுப் பூட்டு மூன்று மாதத்தில் திருகாது.
எர்த் கம்பியின் பித்தளைக் கவ்வி
பச்சை பூத்து,
பிடித்திருப்பதுபோலவே இருக்கும்.
பிடித்திராது.
மஞ்சள் தெரியுமட்டும் ஆணியால் சுரண்டுவேன்.
அதற்கும் கொப்பியில் ஒரு வரி.

அந்த வியாழன், வாடை தொடங்கிய கிழமை.
இரண்டாம் மாடி சிலாப்புக்குக் கொங்கிறீட்.
இரண்டு லொறி கொட்டி, மூன்றாவது கேற்றில் நிற்க,
முபீஸ் வைப்ரேட்டரைக் கையிலெடுத்தான்.
வெறுங்கால். கணுக்கால் மூடச் சாந்து.
றிப் விழுந்தது.
ஒருதரம் தூக்கினேன். விழுந்தது.
இரண்டாந்தரம் நான் தூக்கவில்லை.

வில்பிரட் பாஸ் மேலேயிருந்து கத்தினார்:
"மழைக்கு அது அப்பிடித்தான் பிள்ளை விழும்.
அதைக் கழட்டிப்போட்டு நேராக் குடு.
கொங்கிறீட் இறுகுது!"
இறுகுவது எனக்கும் தெரியும்.
லொறிக்காரன் மணிக்கூட்டைப் பார்க்கிறான்.
எஞ்சினியர் போனில்
கொழும்புக்கு "ஓம் சேர், ஓம் சேர்" என்கிறார்.

பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு
வயரோடு வயராக நடந்தேன்.
படிக்கட்டின் கீழ்,
ரவுனிலிருந்து மேய்ந்து வந்த மான் ஒன்று
குனிந்து தண்ணி குடித்த குட்டையில்
கிடந்தது மூட்டு.
யாரோ முறுக்கி,
சொப்பின் பையால் சுற்றி,
சணலால் கட்டி,
பார்சல் சோறு மாதிரி.
மானைக் கலைத்தேன். அது என்னை ஒருக்காப் பார்த்துவிட்டு
திரும்பவும் குடித்தது.

பெட்டியைப் பூட்டிச்
சாவியைச் சட்டைக்குள் போட்டேன்.
"தரமாட்டன்."
நான் பேசியது அவ்வளவுதான்.
அவர்கள் பேசியதற்கு இந்தத் தாள் காணாது.

இருட்டுமட்டும் கம்பியால் குத்திக் குத்தி
கையால் இறுக்கினார்கள்.
முந்தி ஊற்றியதும் பிந்தி ஊற்றியதும் ஒட்டவில்லை.
பலகை தட்டிய அன்று
சிலாப்பின் குறுக்கே ஒரு கோடு.
எஞ்சினியர் தடியால் தொட்டுக் காட்டினார்:
"இது உம்மட கோடு."
எனக்கு ஒருநாள் சம்பளம் போனது.
முபீஸுக்கு ஓவர்டைம் போனது,
இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

உனக்கு நடக்காததை
உனக்கே எப்படிக் காட்டுவேன் முபீஸ்?
நடந்திருந்தால் பேப்பரில் இரண்டு அங்குலம்,
உன் வாசலில் ஊர்ச் செருப்பெல்லாம்,
என் கொப்பியைப் பொலிஸ் கொண்டுபோயிருக்கும்.
நடக்காததற்குச் சாட்சி யார்?
அன்று பொழுதுபட
நீ பஸ்சில் தொங்கிக்கொண்டு, கச்சான் கொறித்து,
என்னை ஏசிஏசிக்
கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனாய்.
அவ்வளவுதான் இருக்கிறது என்னிடம்.

ஹோட்டல் திறந்து இரண்டு மாரி.
இருநூற்றேழாம் அறை முகட்டில்
மழைக்கு மழை ஈரம் ஊறுகிறதாம்.
பூச்சுக்கு மேல் பூச்சுப் பூசியும் நிற்கவில்லையாம்.
கட்டினவனை மனேஜர் ஏசுகிறாராம்.
பூசப் போயிருப்பவன் முபீஸ்.
போன் எடுத்தான்:
"றிப்பக்கா, உங்கட கோடு ஒழுகுது."
சிரிப்பு.

"முகட்டு லைட்டுக்குப் பக்கத்திலயோ?" என்றேன்.
"ஓம்."
"சுவிச்சை நிப்பாட்டினியா?
சுவரில இருக்கிறதைச் சொல்லேல்ல. பெட்டியில இருக்கிறதை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
ஏணி கிறீச்சிட்டது. நடை. ஒரு கதவு.
பிறகு போனுக்குள், தூரத்தில்,
டக்.